எழுபது வயதிலும் சுட வேண்டும்: ரிவால்வருக்கு எந்தப் போட்டி?

"அண்ணே, இதுல எதுலதான் சேர்றது?" என்று அவர் கேட்டபோது கையில் நான்கு போட்டிகளின் அட்டவணை இருந்தது. சொந்த ஊர் கோவில்பட்டி. ஒஹாயோவின் கொலம்பஸில் எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் வேலை. வயது 47. கிரீன் கார்டு கைக்கு வந்து மூன்று மாதம். முந்தைய சனிக்கிழமை என்னோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வந்து ஓரமாக நின்று பார்த்தார். செமி ஆட்டோமேட்டிக்காரர்கள் தீபாவளிச் சரம் மாதிரி பொரித்துத் தள்ளியதை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 71 வயதுப் பெரியவர் ஒருவர் ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்து, சுட்டு முடிந்த காலிக் கேஸ்களை, அதாவது தோட்டா உறைகளைக் கொட்டி, எட்டுத் தோட்டாவையும் ஒரே சொருகலில் உள்ளே இறக்கி மூடியதில்தான் அவர் கண் நின்றது. காரில் திரும்பும்போது, "அந்த வயசுல நானும் இப்படி நிக்கணும்ணே" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் கேள்வியையே மாற்றிவிட்டது. எந்தப் போட்டி விறுவிறுப்பானது, எதில் கூட்டம் அதிகம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். இன்னும் இருபத்தைந்து வருடம் எந்தப் போட்டி ஆளை வெளியே தள்ளாமல் வைத்துக்கொள்ளும் என்பதே கணக்கு. நான் ரிவால்வர் பிடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இங்கே சொல்லும் ஒவ்வொரு வகையிலும் ஒரு போட்டியாவது சுட்டிருக்கிறேன், சிலவற்றில் அவமானகரமாக. அந்த அனுபவத்தில் ஒப்பிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு சட்ட விஷயம். நம்மவர்களில் பலர் இதில்தான் தெரியாமல் கால் வைக்கிறார்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. "ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதுதானே, சொந்தமாகவா வைத்திருக்கிறேன்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கையில் எடுத்தாலே வைத்திருந்த கணக்குத்தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. விசாவில் இருப்பவர்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். போட்டியைப் பார்ப்பதற்கு எந்த விசாவும் தடையில்லை, காதுக்கு மட்டும் பாதுகாப்பு போதும்.

இத்தனை தோட்டா பிடிக்கிற நவீன பிஸ்டல்கள் இருக்கும்போது ஏன் ரிவால்வர்? வயதாகிறவர்களுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. பிஸ்டலில் மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுக்க வலு வேண்டும். விரல் மூட்டு வாதம் வந்தவர்கள் முதலில் கைவிடுவது அதைத்தான். ரிவால்வரில் சிலிண்டரைத் திறக்கக் கட்டைவிரலால் ஒரு அழுத்தல் போதும். வீட்டில் தோட்டா இல்லாமல் பயிற்சி செய்யும் டிரை ஃபயருக்கும் இதுதான் வசதி. பெரும்பாலான பிஸ்டல்களில் ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் ஸ்லைடை இழுத்துவிட வேண்டும். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் டிரிகரை இழுத்துக்கொண்டே போகலாம். சிலிண்டர் சுழன்று, தோட்டாவை அடிக்கும் சுத்தியான ஹேமர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தோட்டாப் பெட்டி வேறு அறையில், சிலிண்டரை இரண்டு முறை திறந்து பார்த்தபின், தினம் பதினைந்து நிமிடம். செலவு ஒரு பைசா இல்லை.

வயதுக்குச் சான்று வேண்டுமானால் ரிவால்வர் வேகத்துக்குப் பேர்போன எட் மெக்கிவர்னைப் பாருங்கள். 1874-ல் பிறந்தவர். 1932-ல், 57 வயதில், ஐந்து குண்டுகளை ஒரு விநாடியில் இருபதில் ஒன்பது பங்கு நேரத்தில் சுட்டார். ஐந்து துளைகளையும் ஒரு அரை டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். நம் காலத்தில் லூசியானாவின் ஜெரி மிக்குலெக். 1999-ல் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டார். மொத்தமே 2.99 விநாடி. அப்போது அவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். மற்ற விளையாட்டுகளில் அந்த வயதில் வர்ணனை செய்யப் போயிருப்பார்கள்.

இனி போட்டிகள். என் பார்வையில் எல்லாவற்றுக்கும் ஒரே உரைகல்: அந்தப் போட்டி ரிவால்வருக்குச் சொந்த வீடா, விருந்துக்குப் போன வீடா? அடுத்தது, அந்த வீட்டில் படி அதிகமா? அதாவது முழங்கால், கண், கட்டைவிரல் மூன்றில் எதைக் கேட்கிறது?

விருந்து வீட்டில் தொடங்குவோம். யுஎஸ்பிஎஸ்ஏ. 1976-ல் மிசூரியின் கொலம்பியாவில் உருவான ஐபிஎஸ்சி என்ற சர்வதேசத் துப்பாக்கிப் போட்டி அமைப்பின் அமெரிக்கக் கிளை. நாட்டில் எங்கே போனாலும் அருகில் ஒரு கிளப் கிடைக்கும், அது பெரிய பலம். ஓடிக்கொண்டே சுடுவது, ஜன்னல் வழியாகச் சுடுவது, அட்டை இலக்கும் இரும்புத் தகடும் கலந்து வருவது என்று மூளைக்கும் வேலை. ரிவால்வருக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். முன்பு ஆறு தோட்டாதான். பிறகு எட்டுக்கும் இடம் கொடுத்தார்கள், ஆனால் எட்டு போட்டால் மைனர் கணக்கில்தான் புள்ளி. மைனர், மேஜர் என்பது தோட்டாவின் வலுவை அளக்கும் பவர் ஃபேக்டர்: குண்டின் எடையை கிரெய்ன் என்ற சிறு அலகிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. மைனருக்குக் குறைந்தது 125, மேஜருக்கு 165. உதாரணமாக 158 கிரெய்ன் குண்டு 800 அடி வேகத்தில் போனால் 126.4, மைனர் எல்லையை மயிரிழையில் தாண்டியது.

புள்ளியை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஒரு போட்டி பல ஸ்டேஜ்களாக, அதாவது தனித்தனிச் சுற்றுகளாக நடக்கும். ஒரு பெரிய ஸ்டேஜில் 32 குண்டு. பிஸ்டல்காரர் ஒரு முறை மேகசினை மாற்றினால் முடிந்தது. எட்டுத் தோட்டா ரிவால்வருக்குக் குறைந்தது மூன்று முறை நிரப்ப வேண்டும், ஆறுக்கு ஐந்து முறை. அதுவும் ஒரு குண்டுகூடத் தவறாமல் இருந்தால். தோட்டாக்களை ஒரே கட்டாகப் பிடிக்கும் மூன் கிளிப்பில் நிரப்ப என் கை மூன்று விநாடிக்கு வந்து நின்றுவிட்டது; அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஆக ஐந்து ரீலோடுக்கு மட்டும் 15 விநாடி. ஒரே ஓர் ஆறுதல், ஓர் இடத்தில் நின்று எட்டுக்கு மேல் சுடவேண்டியபடி ஸ்டேஜ் அமைக்கக்கூடாது என்ற விதி. அதனால் எட்டுத் தோட்டாக்காரர் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடக்கும்போதே நிரப்பிக்கொள்ளலாம். ஆறு வைத்திருப்பவர் நடுவழியில் நின்று நிரப்ப, பின்னால் வரிசையில் இருப்பவர்கள் மரியாதையாக வானத்தைப் பார்ப்பார்கள்.

பிரிவு தனியாக இருந்தாலும் பல உள்ளூர்ப் போட்டிகளில் ரிவால்வர் பிரிவில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். முதல் பரிசும் உங்களுக்கே, கடைசி இடமும் உங்களுக்கே. 55 வயதுக்கு மேல் சீனியர், 65-க்கு மேல் சூப்பர் சீனியர் என்று வகுப்பு உண்டு. ஆனாலும் இது ஓட்டமும் குனிவும் உள்ள ஆட்டம். முழங்கால் சரியாக இருக்கும்வரைதான்.

ஐடிபிஏ 1996-ல் வந்தது. தற்காப்புச் சூழலைப் பாவித்து, சட்டைக்கு மேல் ஒரு மேலங்கியோடு, மறைவின் பின்னால் நின்று சுடுவது. ஒரு ஸ்டேஜில் 18 குண்டுக்கு மேல் கிடையாது என்பதால் ஆறு தோட்டாக்காரருக்கு யுஎஸ்பிஎஸ்ஏவைவிட இது தாங்கும். தவறிய ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விநாடி கூடும், ஆகவே நிதானமாகச் சுடுபவருக்குச் சாதகம். ஆனால் தாழ்ந்த மறைவு வந்தால் மண்டியிட வேண்டும். ஜனவரி ஒஹாயோவில் சரளைக்கல் மேல் மண்டியிட்டு எழுந்த ஒரு காலையோடு நான் அதை நிறுத்திக்கொண்டேன்.

கௌபாய் போட்டிக்கு வருவோம். சாஸ் என்ற அமைப்பு நடத்துவது. அவர்களின் பெரிய திருவிழாவான எண்ட் ஆஃப் டிரெயில் 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. 19-ஆம் நூற்றாண்டு மேற்கத்திய எல்லைப்புறத்தை அப்படியே விளையாட்டாக்கியிருக்கிறார்கள். இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு பழைய பாணி ஷாட்கன், தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர். பதிவு செய்த பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் பள்ளிக்கூடத்திலேயே இலவசமாகக் கிடைத்துவிடும் விஷயத்துக்கு இங்கே விண்ணப்பம் போடுகிறார்கள்.

ரிவால்வருக்கு இது சொந்த வீடு, சந்தேகமே இல்லை. ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் நிரப்புவார்கள், ஹேமர் காலி அறைமேல் இருக்க வேண்டும். 1873-ன் கோல்ட் வடிவத்தில் ஹேமர் தோட்டாமேல் படிந்திருந்தால் கீழே விழுந்தால்கூட வெடிக்கலாம் என்பதால் வந்த பழக்கம், இன்று விதி. இரண்டு ரிவால்வரில் பத்துக் குண்டு, ஸ்டேஜ் நடுவில் அவற்றை நிரப்பும் அவசரம் பெரும்பாலும் இல்லை. இலக்குகள் பெரிய இரும்புத் தகடுகள், பக்கத்திலேயே இருக்கும். கண்பார்வை மங்கியவருக்கும் 'டங்' என்ற சத்தம் கேட்கும். தோட்டாவும் மென்மையாக நிரப்பியது, மணிக்கட்டு வலிக்காது. வயதுப் பிரிவுகள் எழுபதுகளுக்கும் அப்பால் அடுக்கடுக்காகப் போகின்றன. முதியவர்களை இவ்வளவு மரியாதையாக நடத்தும் வேறு துப்பாக்கிப் போட்டியை நான் பார்க்கவில்லை.

பிறகு என்ன தயக்கம் என்கிறீர்களா? பணம், கட்டைவிரல். நான்கு துப்பாக்கியும் தோல் உறைகளும் சேர்ந்தால் மூவாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். சிங்கிள் ஆக்‌ஷனில் ஒவ்வொரு குண்டுக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் ஏற்ற வேண்டும். கட்டைவிரலின் அடிமூட்டில் வாதம் வருவது வயதானவர்களுக்குச் சகஜம். அது வந்தால் இந்த ஆட்டம்தான் முதலில் வலிக்கும். இன்னொன்று, இது என் சொந்தக் குறை: அந்தக் கட்டுக்கதை உலகத்தோடு எனக்கு ஒட்டவில்லை. தொப்பி போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது கிராமத்து நாடகத்தில் கடைசி நேரத்தில் வேஷம் கட்டியவன் மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் கிளப்பில் ஒரு கணவன் மனைவி இருபது வருடமாக இதற்காகவே ஊர் ஊராகப் போகிறார்கள். மனைவிக்கோ கணவனுக்கோ கூடவே வரும் ஆசை இருந்தால் இதுதான் முதல் தேர்வு. இங்கே ஒருவர் சுட, மற்றவர் காரில் உட்கார்ந்து போன் பார்க்கும் நிலை வராது.

புல்ஸ்ஐ இவை எல்லாவற்றுக்கும் நேர் எதிர். ஓட்டம் இல்லை, வேஷம் இல்லை, பேச்சுகூடக் குறைவு. ஒரு கையை நீட்டி, மற்றொரு கையை இடுப்பிலோ கால்சட்டைப்பையிலோ வைத்துக்கொண்டு சுடுவது. முழுப் போட்டி 270 குண்டு, 2700 புள்ளி. மெதுவான சுற்றில் 50 கஜத்தில் பத்துக் குண்டுக்குப் பத்து நிமிடம். அப்புறம் 25 கஜத்தில் ஐந்து குண்டுக்கு இருபது விநாடி, கடைசியாக ஐந்து குண்டுக்குப் பத்து விநாடி. வேகமான சுற்றுகள் ஐந்தைந்தாகப் போவதால் ஆறு தோட்டா ரிவால்வருக்கு இங்கே கொள்ளளவுப் பஞ்சமே இல்லை. ஒரு காலத்தில் இது முழுக்க ரிவால்வரின் வீடாகத்தான் இருந்தது. பின்னால் பிஸ்டல்கள் வந்து முன்ஹாலைப் பிடித்துக்கொண்டன, ரிவால்வருக்கு மிஞ்சியது ஓர் அறை.

ஆனால் அந்த அறை கம்பீரமானது. டிஸ்டிங்விஷ்ட் ரிவால்வர் என்ற தனிப் போட்டி. .38 ஸ்பெஷல் தோட்டா, 158 கிரெய்ன் ஈயக் குண்டு, துப்பாக்கிமேல் உள்ள சாதாரண இரும்புக் குறி மட்டும், ஒளிப்புள்ளியால் குறிவைக்க உதவும் சிவப்புப் புள்ளிக் கருவி கிடையாது. தேசிய அளவில் அந்தப் போட்டிக்கு ஹாரி ரீவ்ஸ் பெயர். டெட்ராய்ட் காவல்துறைக்காரர், ஆறு முறை தேசியச் சாம்பியன். ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற இடம், எங்கள் ஒஹாயோவில்தான். 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்த மண். ஏரிக்காற்று நீட்டிய கையைத் தள்ளும்போதுதான் 50 கஜம் என்பது எவ்வளவு தூரம் என்று புரியும்.

நான் சுட்டதிலேயே என்னை அதிகம் திருத்தியது புல்ஸ்ஐதான். மற்ற போட்டிகளில் தவறை வேகத்தின் மேல் போடலாம். இங்கே பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், யார் மேல் போடுவது? டிரிகரை இழுக்கும்போது முனை அசைந்தால் தாளில் எழுதி வைத்திருக்கும். முழங்காலுக்கு வேலையில்லை. ஆனால் தோளும் கண்ணும் தப்ப முடியாது. 1.2 கிலோ எடையை ஒரு கையில் நீட்டிப் பிடித்து, மங்கலாகத் தெரியும் முன்குறியைக் கூர்மையாக்கப் போராடுவது நாற்பத்தைந்துக்குப் பிறகு வருடாவருடம் கடினமாகும். தோள் சவ்வு கிழிந்த ஒரு நண்பர் இரண்டு வருடம் இதைத் தொடவே இல்லை. பிபிசி (PPC) என்ற காவல்துறைப் பாணிப் போட்டியும் உண்டு, 150 குண்டு, 1500 புள்ளி. ரிவால்வரின் பொற்காலம் அதுதான். ஆனால் அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பிபிசி காவல்துறையினருக்கானது. ஐரோப்பாவில் இருக்கும் தமிழர்களுக்கு டபிள்யூஏ 1500 என்ற பெயரில் பொதுமக்களும் சுடும் வடிவம் கிடைக்கும்.

ஐகோர் என்று சொன்னால் ரேஞ்சில் இருப்பவர்களே பாதிப்பேர் புருவத்தை உயர்த்துவார்கள். 1991-ல் ரிவால்வருக்கென்றே தொடங்கிய அமைப்பு. பிஸ்டலுக்கு இடமே இல்லை. கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் பல ஆண்டுகள் நடந்த சர்வதேச ரிவால்வர் சாம்பியன்ஷிப் இவர்களுடையது. மிக்குலெக் திரும்பத் திரும்ப வென்ற இடம். கணக்கு எளிது: எடுத்த நேரம், அதோடு தவறுக்குத் தண்டனை விநாடி. நடு வளையத்தில் பட்டால் எதுவும் இல்லை, அடுத்ததில் ஒன்று, வெளியே இரண்டு, தவறவிட்டால் ஐந்து. ஒரு தவறு என் கையில் ஒன்றரை ரீலோடுக்கும் மேல். அதனால் கண்மூடித்தனமான வேகம் இங்கே எடுபடாது.

ஸ்டேஜை வரைபவரே ரிவால்வர்காரர் என்பதில்தான் ருசி இருக்கிறது. எங்கே நிரப்ப வேண்டிவரும் என்று யோசித்தே இலக்குகளை வைக்கிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் கை சிலிண்டரைத் திறக்கும் விதத்தைப் பார்த்து, "கட்டைவிரலை இன்னும் மேலே வை" என்பார்கள். ஓப்பன் பிரிவில் சிவப்புப் புள்ளிக் குறிக்கருவி அனுமதி, லிமிட்டெடில் இரும்புக் குறி, கிளாசிக்கில் ஆறு தோட்டாவும், அவற்றை ஒரே முறையில் அறைகளில் இறக்கும் ஸ்பீட் லோடரும் மட்டும். அதாவது தாத்தாவின் பழைய ஆறு தோட்டாத் துப்பாக்கியோடு வருபவருக்கும் தனி வரிசை உண்டு. நடை உண்டு, ஓட்டம் மிதம். ஒரே குறை, கிளப்புகள் அரிது. எனக்கு மிக அருகில் இருப்பது இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். மாதம் ஒரு முறை போவேன். அறுபத்தைந்தில் விடியற்காலை இருட்டில் அவ்வளவு தூரம் ஓட்டுவேனா என்று தெரியவில்லை.

மீதி ஸ்டீல் சேலஞ்ச். 1981-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, இப்போது யுஎஸ்பிஎஸ்ஏ கையில். எட்டு ஸ்டேஜ், எங்கே போனாலும் அதே எட்டு, அதே தூரம். ஒவ்வொன்றிலும் ஐந்து வெள்ளைத் தகடு. மணி அடித்தால் நான்கை அடித்து, கடைசியாக நிறுத்துத் தகட்டை அடிக்க வேண்டும். இதையே ஐந்து முறை சுட வேண்டும், ஒவ்வொன்றையும் ஓர் ஓட்டம் என்போம், கால் ஓட்டம் இல்லை; அதில் மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு நான்கைக் கூட்டுவார்கள். அவுட்டர் லிமிட்ஸ் என்ற ஒரே ஸ்டேஜில் மட்டும் நான்கு ஓட்டம். அதில்தான் தரையில் குறித்த ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு மூன்று எட்டு வைக்க வேண்டும். மற்ற ஏழிலும் நின்ற இடம் நின்ற இடம்தான்.

இப்போது கவனியுங்கள். ஐந்து தகடு, ஆறு தோட்டா. ஒன்று தவறினால் திருத்த ஒரு குண்டு கையில் இருக்கிறது. நிரப்புவது மணி நின்ற பிறகு, சாவகாசமாக. உலகத்திலேயே ரிவால்வரின் பெரிய பலவீனமான ரீலோடு, இந்தப் போட்டியில் கடிகாரத்துக்கு வெளியே போய்விடுகிறது. எட்டுத் தோட்டா இருந்தால் திருத்தக் குண்டு மூன்று, ஆனால் மூன்று முறை திருத்திக்கொண்டிருப்பவர் எப்படியும் அந்த ஓட்டத்தைத் தள்ளத்தான் போகிறார். தகட்டை அடிக்காமல் விட்டால் மூன்று விநாடி தண்டனை. இரும்புக் குறி ரிவால்வர், சிவப்புப் புள்ளி போன்ற கருவி வைத்த ஓப்டிக் ரிவால்வர் என்று இரண்டு பிரிவு. முழுப் போட்டிக்குக் குறைந்தபட்சம் 195 குண்டு.

ஸ்டேஜ் மாறுவதில்லை என்பதைச் சிலர் அலுப்பு என்பார்கள். எனக்கு நேர்மாறு. 2016-ல் நான் ஸ்மோக் அண்ட் ஹோப் ஸ்டேஜுக்கு எடுத்த நேரத்தையும் போன மாதம் எடுத்ததையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என்னோடு நானே போட்டி போட இவ்வளவு நாணயமான அளவுகோல் வேறெங்கும் கிடைக்கவில்லை. முழங்கால் மாற்று அறுவை செய்தவர் ஒருவர் ஆறாவது வாரத்தில் வந்து சுட்டார். .22 துப்பாக்கியில் சுடுபவர்கள் ஹோல்ஸ்டரிலிருந்து உருவவே வேண்டாம், தாழப் பிடித்த நிலையிலிருந்து தொடங்கலாம். உதை இல்லை, செலவு குறைவு.

துப்பாக்கித் தேர்வில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. முதல் ரிவால்வராக ஸ்மித் அண்ட் வெஸன் 686 அல்லது ரூகர் ஜிபி100, இரண்டும் .357 மேக்னம், ஆறு தோட்டா. அதில் .38 ஸ்பெஷல் சுடலாம், சுட வேண்டியதும் அதைத்தான். ஐகோரில் ஊறிய பிறகு ஸ்மித் அண்ட் வெஸனின் எட்டுத் தோட்டா 627 அல்லது 9 மிமீ சுடும் 929. எட்டுத் தோட்டாக்காரர்கள் மூன் கிளிப்பை விரும்புவார்கள். தோட்டாக்களை அடியில் பிடித்து நிறுத்தும் மெல்லிய எஃகு வட்டு அது. முதல் உலகப் போரில் விளிம்பில்லாத .45 ஏசிபி தோட்டாவை ரிவால்வரில் போடுவதற்காகப் பாதி வட்டமாகப் பிறந்தது, பின்னால் முழு வட்டமாயிற்று. தோட்டாவும் காலிக் கேஸும் ஒரே கட்டாக வந்து போகும். .38 ஸ்பெஷல் 1898-ன் நீண்ட தோட்டா. நீளம் அதிகம் என்பதால் சில நேரம் முழுதாக வெளியே விழாது. அதனால் தேர்ந்தவர்கள் குட்டையான .38 ஷார்ட் கோல்ட் கேஸை நிரப்பிக்கொள்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: வட்டு லேசாக வளைந்தாலும் சிலிண்டர் உரசி நிற்கும். போட்டிக்கு முதல்நாள் ராத்திரி ஒவ்வொன்றையும் போட்டுச் சுழற்றிப் பார்ப்பது, இட்லி மாவு புளித்ததா என்று பார்ப்பது மாதிரி எங்கள் வீட்டுச் சடங்கு.

இன்னொரு எச்சரிக்கை என் முட்டாள்தனத்திலிருந்து. கடையிலிருந்து வரும் டபுள் ஆக்‌ஷன் டிரிகர் பத்துப் பன்னிரண்டு பவுண்டு இருக்கும். ஸ்பிரிங் மாற்றி ஆறு, ஏழுக்குக் கொண்டுவருவார்கள். நானும் மாற்றினேன், வெண்ணெயாக இழுத்தது. ஆனால் ஹேமர் அடியும் மெலிந்துவிட்டது. தோட்டாவின் அடியில் பொறி தருவது பிரைமர்; அந்த அடிக்கு ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் மட்டும்தான் நம்பகமாகத் தீப்பிடிக்கும், அது மற்றவற்றைவிட மென்மை. 2021-ல் பிரைமர் பஞ்சம். கிடைத்ததை வாங்கி நிரப்பிக்கொண்டு போனேன். எட்டில் இரண்டு 'டிக்' என்றது. ரிவால்வரில் மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும் என்பார்கள், உண்மைதான். ஆனால் வெடிக்காமல் போனது தோட்டா எண்ணிக்கையில் ஓட்டைதானே? அன்று எல்லா ஸ்டேஜிலும் கூடுதல் ரீலோடு. தொடக்கத்தில் எட்டு பவுண்டுக்குக் கீழே இறக்காதீர்கள். விரல் பழகிவிடும்.

உடம்பைப் பற்றி மூன்று விஷயம். கண்: நாற்பதைத் தாண்டினால் முன்குறி மங்கும், இலக்கு தெளிவாக இருக்கும். நமக்கு வேண்டியதோ தலைகீழ். சிவப்புப் புள்ளி வைத்தால் இலக்கையே பார்த்துச் சுடலாம், அது ஒரு வழி. இரும்புக் குறிதான் வேண்டுமென்றால் கண்ணிலிருந்து முன்குறிவரை அளந்து, அந்தத் தூரத்துக்கென்றே கண்ணாடி செய்துகொள்ள வேண்டும். படிக்கும் கண்ணாடி உதவாது, அதன் தூரம் வேறு. காது: 140 டெசிபலைத் தாண்டிய ஒரே ஒரு சத்தமே காதைக் கெடுக்கலாம். .38 அதைத் தாண்டும், மேக்னம் பற்றிச் சொல்லவே வேண்டாம். உள்ளே அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும் போடுங்கள். ஈயம்: குண்டில் மட்டுமில்லை, பிரைமரின் வெடிமருந்திலும் இருக்கிறது. காற்றோட்டம் குறைந்த உள்ளரங்க ரேஞ்சில் வருடக்கணக்கில் சுடுபவர் ஆண்டுக்கொரு முறை ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுவது நல்லது. ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகுதான் பிள்ளைகளைத் தூக்க வேண்டும். வெளிப்புறப் போட்டிகளை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம்.

இதையெல்லாம் அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிகாக்‌ஷன் ஆறும்வரை சொன்னேன். "இப்ப நீங்களே முடிவா சொல்லுங்கண்ணே" என்றார். சொன்னேன். முதல் வருடம் ஸ்டீல் சேலஞ்ச், அதுவும் .22 ரிவால்வரில். ஸ்மித் அண்ட் வெஸனின் பத்துத் தோட்டா 617 பழையது கிடைத்தால் வாங்கலாம். டபுள் ஆக்‌ஷன் விரலுக்கு அதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. குளிர்காலத்தில் மாதம் இரண்டு நாள் புல்ஸ்ஐ லீக், புள்ளிக்காக இல்லை, விரலைத் திருத்த. இரண்டாம் வருடம் 686 வாங்கி ஐகோர் கிளாசிக், தூரம் ஓட்டச் சலிப்பு வரும்வரை. யுஎஸ்பிஎஸ்ஏவுக்கு ஆசைப்பட்டால் ஐம்பத்தைந்துக்குள் சுட்டுவிடுங்கள். கௌபாய்க்கு வீட்டம்மா தொப்பி போடச் சம்மதித்தால் என் பேச்சையெல்லாம் மறந்துவிட்டு அங்கேயே போய்விடுங்கள். எழுபதில் திரும்பி வரப்போவது எப்படியும் ஸ்டீலுக்குத்தான், அதனால்தான் அதிலேயே தொடங்கச் சொல்கிறேன். இளமையில் எழுதிய நேரங்கள் நோட்டில் இருக்கும்.

"சிவப்புப் புள்ளியா, இரும்புக் குறியா?" என்றார். ஒரு வருடம் இரும்பு என்றேன். முகம் கொஞ்சம் வாடியது.

மூன்று வாரம் கழித்து ராத்திரி எட்டரைக்குப் போன். பின்னால் வீட்டம்மா சிரிக்கும் சத்தம்.

"அண்ணே, 617 வந்தாச்சு. காலியா இருக்கு, ரெண்டு தடவை பாத்துட்டேன். நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறேன். இவ தையல் டேப்ப வச்சு அளந்தா, இருபத்தாறரை அங்குலம் வருது. கம்மியா இருக்கே?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சீங்களா?"

"ஆமா."

"முழங்கைய மடக்கிட்டீங்களா?"

ஒரு நிமிடம் சத்தமில்லை. டேப் இழுபடும் சத்தம் மட்டும்.

"இருபத்தொம்பதுண்ணே."